இரண்டாவது குரூப் பாக்கி

பம்பாய் மாட்டுங்காவில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பி.காம் முடித்த கையோடு சேர்ந்த வேலை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையில் சார், வெளியறையில் நாங்கள் மூன்று பேர். துணிக்கடை, பாத்திரக்கடை, டிராவல்ஸ், இரண்டு நர்சிங் ஹோம் என்று சுற்றுவட்டாரத்து ஆட்களின் ஜிஎஸ்டியும் வருமான வரியும் எங்கள் பாடு. ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டி கணக்குக்குக் கடைசி நாளான இருபதாம் தேதி நெருங்கினால் வெளியறையில் யாரும் யாரோடும் பேச மாட்டோம்.

சேர்ந்த மூன்றாவது வருடம் காஸ்ட் அக்கவுண்டன்சி படிக்க ஆரம்பித்தேன். சி.ஏ. படிப்பதென்றால் வேலையை விட்டுவிட்டு ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சியில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. காஸ்டிங் என்றால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று கல்லூரித் தோழி ஒருத்தி சொன்னாள், அதனால் எடுத்தேன். ஆனால் படிக்கப் படிக்கப் பிடித்துப்போனது. ஒரு பொருள் உருவாகிற வழி நெடுக எங்கெங்கே எவ்வளவு செலவு அதன்மேல் ஏறுகிறது என்று கூடவே போய்ப் பார்க்கிற படிப்பு அது. தாராவியில் எங்கள் சந்தில் மட்டும் நான்கு பட்டறைகள். அண்ணன் தோல் பை செய்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மெஷின் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். அந்தச் சத்தத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு விலை உண்டென்பது புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அண்ணனிடம் போய், "ஒரு தோலுல எத்தன பை வெட்டுவ? கழிவு எம்புட்டு போவும்?" என்று கேட்டேன். "ஏன், ஒனக்கு பை வேணுமா?" என்றான்.

காஸ்டிங்கின் நடுக் கட்டமான இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப். முதல் குரூப் முதல் தடவையிலேயே முடிந்தது. இரண்டாவது குரூப் இரண்டு தடவை போயிற்று. கடைசியாகப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு பேப்பரிலும் தேறியிருந்தேன், கூட்டுத்தொகையில் ஏழு மார்க் குறைந்தது. மொத்தத்தில் பாதியாவது வராவிட்டால் குரூப் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். அண்ணனுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை.

"எல்லாத்துலயும் பாஸுன்னு சொல்லுத, பொறவு பெயிலுன்னும் சொல்லுத. என்ன பரிச்சட்டி இது?"

வீட்டில் அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், நான். கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே ஓர் அறை. அப்பா இல்லை. அம்மா உல்லாஸ்நகரில் அக்காவோடு இருந்தாள். வீட்டில் படிக்க வழியில்லாததால் சயானில் ஒரு பொது வாசிப்பறைக்குப் போவேன். அப்யாசிகா என்பார்கள். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். எட்டரை வரை அங்கே இருந்துவிட்டு அப்படியே நடந்து ஆபீஸ். ஐந்து வருடம் இப்படிப் போனது.

அந்த ஏழு மார்க்குக்குப் பிறகுதான் வேலை மாற வேண்டும் என்ற எண்ணம் வந்தது. சம்பளம் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் வேறு. காஸ்டிங் படிக்கிறேனே தவிர, ஒரு கம்பெனியின் நிஜமான காஸ்ட் ஷீட்டை, ஒரு பொருளின் செலவுக் கணக்குத் தாளை, கண்ணால் பார்த்தது கிடையாது. நர்சிங் ஹோமின் பில்களை அடுக்கிக்கொண்டே எனக்கு முப்பது வயதாகிவிட்டது. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஒரு கன்சல்டன்ட் இருந்தார். தமிழ்க்காரர், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவரிடம் பயோடேட்டா கொடுத்தேன். 'இன்டர் முதல் குரூப் தேர்ச்சி, இரண்டாவது குரூப் டிசம்பரில்' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

மூன்று வாரத்தில் நெருளிலிருந்து அழைப்பு வந்தது. மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற கம்பெனி. காஸ்டிங் பிரிவின் தலைவி ஐம்பது வயதைத் தாண்டிய மராட்டிக்காரர், வெளுத்த காட்டன் புடவை, ஷூ. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே, "முதலில் வா, பார்" என்று இந்தியில் சொல்லி மெஷின்கள் இருக்கும் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஒவ்வொரு மெஷினின் கடைசியிலும் ஒரு நீலக் கூடை. பிசிறு தட்டிய மூடிகள் அதில் விழும். மணிக்கொரு தடவை அந்தக் கூடையை எடை போட்டுப் பலகையில் எழுதினார்கள். ஐந்து வருடமாக நான் பரீட்சையில் 'நார்மல் லாஸ்', அதாவது தவிர்க்க முடியாத கழிவு, என்று எழுதிக்கொண்டிருந்தது அந்தக் கூடையில் கிடந்தது. ஒரு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது. இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அப்போது தோன்றிய வேகம், அதற்கு முன் எதற்கும் எனக்குத் தோன்றியதில்லை.

மேலே வந்து உட்கார்ந்தோம். கணக்குக் கேள்விகள் நன்றாகவே போயின. நடுவில் என் பயோடேட்டாவைப் பார்த்தபடி, தலையை நிமிர்த்தாமல், "இன்டர் முடித்தாயிற்று, இல்லையா?" என்று கேட்டார்.

நான் "ம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பயோடேட்டா அவர் கையில்தான் இருக்கிறது, சரியாகப் பார்க்கவில்லை போலும், அடுத்த கேள்வியில் அவராகவே கவனிப்பார் என்று நினைத்தேன். அடுத்த கேள்வி வேறு எங்கோ போய்விட்டது. நானும் அதன் பின்னாலேயே போய்விட்டேன்.

வியாழக்கிழமை வேலை உறுதிக் கடிதம் மெயிலில் வந்தது. அசிஸ்டன்ட் மேனேஜர், காஸ்டிங். சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே முதல் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். மறுநாள் காலை சாரிடம் ராஜினாமா கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"காஸ்டிங் படிச்சவ எத்தன நாளைக்கு இங்க உக்காந்துண்டு இருப்ப? போய்ட்டு வாம்மா," என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை வாசிப்பறையில் வைத்துத்தான் இரண்டாவது பக்கத்தைத் திறந்தேன். சேரும்போது கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல். அதில் 'இன்டர்மீடியட், இரண்டு குரூப்பும்' என்று இருந்தது. கூடவே கன்சல்டன்ட் அனுப்பிய என் பயோடேட்டாவையும் இணைத்திருந்தார்கள். என் வரி அதில் இல்லை. 'இன்டர் தேர்ச்சி' என்று இரண்டே சொல்.

வெளியே வந்து அவருக்கு போன் போட்டேன்.

"டென்ஷன் எடுக்காதீங்க மேடம், எல்லாரும் பண்றதுதான்," என்றார். "சர்டிபிகேட் வர லேட்டாகும்னு எழுதிக் குடுத்திரலாம். டிசம்பர்ல நீங்க பாஸ் ஆயிட்டா மேட்டர் கதம், முடிஞ்சிரும்."

"ஆகலன்னா?"

"ஆயிடுவீங்க மேடம்."

எனக்கு இருந்த நம்பிக்கையைவிட அவருக்கு என்மேல் அதிக நம்பிக்கை. கோபமாகப் பேசத்தான் போன் செய்தேன், ஆனால் போனை வைத்துவிட்டேன். பயோடேட்டாவை மாற்றியது அவர். "ம்" சொன்னது நான்.

அந்த நான்கு நாளும் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பேசாமல் சேர்ந்துவிடலாம், டிசம்பரில் எழுதிப் பாஸ் செய்துவிட்டால் பொய் தானாகவே உண்மையாகிவிடும். இப்படி ஒரு தைரியம் வரும். அடுத்த நிமிடமே அது உடையும். பரீட்சை எழுத லீவு வேண்டுமே. ஏற்கெனவே பாஸ் ஆனவள் எந்தப் பரீட்சைக்கு லீவு கேட்பாள்? உடம்பு சரியில்லை என்று அடுத்த பொய். டிசம்பரை விட்டுவிட்டு ஜூனில் எழுதினால் கூடுதலாக ஆறு மாதம் இந்தப் பொய்யோடு அந்த அம்மாளின் எதிரே தினமும் உட்கார வேண்டும். உண்மையைச் சொன்னாலோ அந்த வேலை போகும். இந்த வேலையையும் விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை சார் வேறு, "ரிட்டயர்டான பேங்க் ஆபீசர் ஒருத்தர்கிட்ட பேசிட்டேன், ஒண்ணாந்தேதிலேர்ந்து வரேன்னுட்டார்," என்று நிம்மதியாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

புதன்கிழமை காலை. தண்ணீர் வருகிற நேரம். மதினியும் நானும் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தோம். மதினி என்னைவிட நான்கு வயது மூத்தவள். கல்யாணமாகி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தவள், இப்போது ஒரு கார்மென்ட் பட்டறையில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து வருகிற சட்டைகளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில்.

"ஏளா, என்ன நடக்கு ஒனக்கு?" என்றாள், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

"ஒண்ணுமில்ல மதினி."

"நாலு நாளா குழம்புக்கு ரெண்டு தடவ உப்பு போடுத. ஒங்க அண்ணன் ஒண்ணும் சொல்லாம தண்ணிய குடிச்சிக்கிட்டு கெடக்காவ. புது வேல கெடச்சவ இப்பிடியா இருப்பா?"

சொன்னேன். மெல்லிய குரலில், டியூப் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பம் நீ பொய் சொல்லல?" என்று கடைசியில் கேட்டாள்.

"சொல்லல. அவங்க கேட்டப்ப 'ம்'முன்னேன்."

"அப்பம் சொல்லியாச்சு." டியூபை எடுத்துக் குடத்தில் விட்டாள். "எனக்கு ஒன் பரிச்ச கணக்கெல்லாம் தெரியாது. ஆனா இப்பிடியே ஒன்னால அங்க போயி ஒரு மாசம் கூட இருக்க முடியாது. ஒன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். போயி சொல்லிட்டு வா. போனா வேலதான போவும்."

"ரெண்டும் போயிரும் மதினி."

"போனா நம்ம பட்டறைல செக்கிங்குக்கு ஆள் தேடுதாவ," என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு நாளில் முதல் சிரிப்பு அது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு நெருளுக்குப் போனேன். குர்லாவில் வண்டி மாறியபோது திரும்பிவிடலாமா என்றிருந்தது. மெயில் அனுப்பினால் போதுமே என்றும் தோன்றியது. ஆனால் அந்த அம்மாள் கேட்டது நேரில், நான் "ம்" என்றதும் நேரில். காத்திருந்து உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். பயோடேட்டாவில் இருப்பது தவறு, இரண்டாவது குரூப் பாக்கி இருக்கிறது, டிசம்பரில் எழுதுகிறேன், நேர்முகத்தில் நீங்கள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என் இந்தி அவ்வளவு வேகமாக அதுவரை வந்ததில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். "உட்கார்," என்றார்.

உட்கார்ந்தேன்.

"கன்சல்டன்ட் மாற்றினாரா?"

"ஆமாம். ஆனால் நீங்கள் கேட்டபோது மாற்றியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நானாகத்தான் 'ம்' என்றேன்."

என் பயோடேட்டாவை எடுத்து ஒரு தடவை படித்தார். பிறகு, "இந்தப் பதவிக்கு இன்டர் முழுதாக வேண்டும். அது என் கையில் இல்லை, கம்பெனி விதி," என்றார். கோபம் இல்லை, அதற்காகக் குழைவும் இல்லை. "கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நீ அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தாய் பார், அது எனக்குப் பிடித்திருந்தது. பாஸ் செய்ததும் எனக்கே எழுது. இடம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன்."

வாசல் வரை வந்து, "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் உனக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது," என்றார். அதுவும் உண்மைதான்.

நெருள் ஸ்டேஷனில் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பசித்தது. இரண்டு வடாபாவ் வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றேன். பச்சை மிளகாயின் காரம் நாக்கில் ஏறியபோதுதான் இத்தனை நாளும் எதைத் தின்றாலும் ருசி தெரியாமல் இருந்தது உறைத்தது. இரண்டு வண்டிகள் வந்து போயின, ஏறவில்லை. வேலை போய்விட்டது என்பதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி முதுகு நேராகி இருந்தது. மதினிக்கு போன் செய்தேன்.

"சொல்லிட்டேன்."

"வேல?"

"போச்சு."

"போன வேலைக்கா இப்பிடி சிரிக்குத?" என்றாள். நான் சிரிப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் சார் முன்னால் போய் நிற்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அங்கே தவறை ஒப்புக்கொண்டால் போதும், இங்கே கேட்கவும் வேண்டும். நடந்ததைச் சொல்லி, "நான் இங்கயே இருக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"அவாளா கண்டுபிடிச்சாளா, நீயா சொன்னியா?"

"நானாத்தான் சார் சொன்னேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். "அந்த பேங்க் மனுஷர்கிட்ட வாக்கு குடுத்துட்டேனேம்மா. இப்ப போய் வராதேங்கோன்னு சொல்ல முடியுமோ?" விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணு பண்ணு. பரீட்சை முடியற வரைக்கும் ஒண்ணரை மணி வரைக்கும் வா. சம்பளமும் பாதிதான். அவரும் இருக்கட்டும். அவருக்கு இந்த ஜிஎஸ்டி போர்ட்டல் ஒண்ணும் தெரியாது, நீதான் காட்டிக் குடுக்கணும். ஜனவரிக்கு அப்பறம் பாத்துப்போம்."

எட்டு வருடத்தில் படிப்புக்காக நான் சாரிடம் ஒரு மணி நேரம்கூடக் கேட்டதில்லை. கேட்டால் தரமாட்டார் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். கேட்காமலேயே பாதி நாள் கிடைத்தது. வெளியறைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து நர்சிங் ஹோம் ஃபைலைத் திறந்தேன். முதல் பில்லில் இருந்த எண் கண்ணுக்கு நன்றாகத் தெரிய ஐந்து நிமிடம் ஆயிற்று.

பேங்க் ஆபீசர் ஒன்றாம் தேதி தன் சொந்த மெத்தைத் திண்டோடு வந்து சேர்ந்தார். போர்ட்டல் ஒவ்வொரு தடவை நின்றபோதும், "இது நம்ம தப்பா, அவா தப்பா?" என்று கவலையோடு கேட்பார். "அவங்க தப்பு சார்," என்றால்தான் அடுத்த பட்டனைத் தொடுவார். ஒன்றரை மணிக்கு நான் பையை எடுத்ததும், "நன்னா படி," என்று தினமும் சொல்வார்.

மத்தியான வாசிப்பறை காலை வாசிப்பறையைப் போல இல்லை. கூட்டம் குறைவு, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைக்கும். என் ஏழு மார்க் எங்கே போனது என்று அங்கேதான் கண்டுபிடித்தேன். பழைய கேள்வித்தாளை எடுத்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்து மூன்று மணி நேரம் முழுதாக எழுதிப் பார்த்தேன். கடைசிக் கேள்விக்கு நேரமே இல்லை. கணக்கு வராததால் நான் தோற்கவில்லை. ஐந்து வருடமும் இரண்டரை மணி நேரத் துண்டுகளாகவே படித்ததால், ஒரு பேப்பரை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து எழுதிப் பழகவே இல்லை. அதற்கப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுப் பேப்பர் எழுதினேன். இரண்டாவது வாரத்தில் கடைசிக் கேள்வியைத் தொட்டேன். நான்காவது வாரத்தில் முடித்துவிட்டுத் திருப்பிப் பார்க்கப் பத்து நிமிடம் மிஞ்சியது.

டிசம்பரில் செம்பூரில் எழுதினேன். பிப்ரவரியில் முடிவு வந்தபோது ஆபீஸில் இருந்தேன். தேவையானதைவிட இருபத்து மூன்று மார்க் அதிகம். சார் ஒவ்வொரு பேப்பரின் மதிப்பெண்ணையும் வரிசையாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பேங்க் ஆபீசர் எழுந்து நின்று கை கொடுத்தார். அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய் மேலறையில் படுத்தேன். எழுந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கீழே மதினி பிள்ளைகளிடம், "அத்த தூங்குதா, சத்தம் போடாதீங்க," என்று சொல்வது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தேன்.

நெருள் அம்மாளுக்கு எழுதினேன். வாழ்த்துகள், இப்போது இடம் காலியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை. ஆறு மாதம் கழித்து முலுண்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன், நானே விண்ணப்பம் போட்டு. மாட்டுங்காவில் என் வேலையை இப்போது பேங்க் ஆபீசர்தான் முழுநேரமாகப் பார்க்கிறார்.

ஃபைனல் ஆரம்பித்துவிட்டேன். அதில் முதலில் வருகிற மூன்றாவது குரூப்பை இந்த ஜூனில் எழுதுவதா, டிசம்பருக்குத் தள்ளுவதா என்று தெரியவில்லை. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜரும் அதையே கேட்டார். "இன்னும் முடிவு பண்ணல சார். பாதிதான் படிச்சிருக்கேன்," என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.